எறும்பு மொய்த்த கான்கிரீட்

வீரபத்திரன் பெரியப்பாவின் புல்லட் மேல் வீட்டு ஜன்னல் சன்ஷேடு பெயர்ந்து விழுந்தது. அவர் தலையில் விழுந்திருந்தால்கூட அவ்வளவு கத்தியிருக்க மாட்டார். பெட்ரோல் டேங்க் நசுங்கிப் போயிருந்தது. சன்ஷேடு இருந்த இடத்தில், சிவப்பாகத் துருவேறிய கம்பிகள் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தன.

"இந்தக் கடலு என்னைய என்ன செஞ்சுருச்சு பாத்தியா?" என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னார்.

எங்கள் ஊரிலிருந்து கடல் தெரியாது. திருப்பாலைக்குடிக்குப் போனால்தான் தெரியும். ஆனால் காற்று உப்பு, கிணறு உப்பு. துணி காய்ந்தால் அதிலும் உப்பு. வீடு கட்டினால் கொஞ்ச வருடத்தில் அந்த உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைப் பிடித்துவிடும். கம்பி துருப்பிடித்து உப்பும். உப்பின கம்பி, தன்னைச் சுற்றியிருக்கும் கான்கிரீட்டை உள்ளேயிருந்தே வெடிக்க வைக்கும். இதையெல்லாம் எனக்குச் சொன்னது மகேஸ்வரி அக்கா.

மகேஸ்வரி அக்கா என் பெரியம்மா மகள். வீரபத்திரன் பெரியப்பாவுக்குக் கூடப்பிறந்த தம்பி மகள். கட்டடப் படிப்பில் மேல்படிப்புப் படிக்கிறாள். அவள் ஆராய்ச்சி, கருவை இலை. ஆமாம், சீமைக்கருவைதான். ஜில்லா முழுக்க ஜேசிபி வைத்துப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார்களே, அதே மரம். அதன் இலையைக் காயவைத்து, பொடித்து, காய்ச்சி, வடித்து, அந்தத் தண்ணீரைக் கான்கிரீட்டில் கலந்தால், அது கம்பியைச் சுற்றி ஒரு மெல்லிய சட்டை போட்டதுபோல ஒட்டிக்கொண்டு துருவை அண்டவிடாது என்பது அக்காவின் கட்சி. சமையலறை அலமாரியில் இரண்டு ஊறுகாய் பாட்டில்கள் வைத்திருந்தாள். இரண்டிலும் கடல் தண்ணீர், இரண்டிலும் ஒவ்வொரு கம்பித்துண்டு. ஒன்றில் மட்டும் இலைத்தண்ணீர் கலந்திருந்தாள். கலக்காத பாட்டில் வத்தக்குழம்பு நிறத்துக்குப் போய்விட்டது. கலந்த பாட்டிலில் கம்பி அப்படியே இருந்தது. அக்காவின் அம்மா ஒருநாள் அவசரத்தில் வத்தக்குழம்பு பாட்டில் என்றே நினைத்துத் திறந்துவிட்டாள் என்பது தனிக் கதை.

இலை பறிப்பதும் காய்ச்சுவதும் என் வேலை. நான் ஒன்பதாவதோடு நின்றுவிட்டேன். எழுந்து நின்று பதில் சொல் என்றால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். கருவை மரம் கேள்வி கேட்காது. முள் குத்தும், அவ்வளவுதான்.

அடுப்படியில் அக்கா ஒரே ஒரு சட்டம் போட்டிருந்தாள். அண்டா பக்கத்தில் இனிப்பு எதுவும் வரக்கூடாது.

"ஏன்க்கா?"

"பூமயிலு, சிமெண்டுக்குச் சர்க்கரை ஆகாது. கொஞ்சம் பட்டாப் போதும், தூங்கிரும். இறுகவே இறுகாது. இலையிலயும் கொஞ்சம் சர்க்கரைச் சத்து இருக்கும். அது எவ்வளவுன்னு பாத்துப் பாத்துத்தான் அளவே கண்டுபிடிச்சிருக்கேன். நீ டீயக் கொண்டாந்து இங்கன கவுத்துறாத."

அதிலிருந்து நான் டீயைத் தெருவில் நின்று குடிப்பேன்.

கல்லூரிக் கூடத்தில் அக்காவின் கான்கிரீட் கட்டிகள் எல்லாம் கல் மாதிரி இறுகிவிட்டன. ஆனால் அவளுக்கு உண்மையான கட்டடம் ஒன்று வேண்டும். உப்புக்காற்றில் நிற்கிற, மனிதர்கள் புழங்குகிற கட்டடம். யாரிடம் கேட்டாலும் சிரித்தார்கள். "ஆடே தின்னாத எலைய வீட்டுல போடச் சொல்றியே" என்றார்கள். கடைசியில் புல்லட் நசுங்கிய பெரியப்பாவிடம் போனோம். அவர் அப்போது புதுவீடு கட்டிக்கொண்டிருந்தார். பெரிய தளம் போடுவதற்கு முன்னால், பின்பக்கம் குளியலறைக்கு மேல்தளம் போட வேண்டியிருந்தது.

பெரியப்பா மீசையைத் தடவிக்கொண்டே யோசித்தார். "குளியலறைல போட்டுக்க. மறுநா காலைல நான் ஏறி மிதிப்பேன். கால் பதியலைன்னா பெரிய தளமும் உன் தண்ணியிலதான். பதிஞ்சுச்சு, பெறகு என் வீட்டுப் பக்கம் ஒரு எல வரக்கூடாது. சரியா?"

"சரி பெரியப்பா," என்றாள் அக்கா. வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு தெருவிலேயே சுற்றினாள். எங்களைப் பார்த்து ஒரு நாய் பயந்து ஓடியது.

நல்ல நேரம் பார்த்து ஒரு புதன்கிழமை காலையில் வேலை தொடங்கியது. நாங்கள் காய்ச்சிய இலைத்தண்ணீரை வெள்ளை பிளாஸ்டிக் கேனில் கொண்டுபோனோம். பெரியப்பா கேனைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"என்னாத்தா இது, மண்ணெண்ணெய் கேன் மாதிரி? நல்ல காரியத்துக்கு பிளாஸ்டிக்கையா கொண்டாருவாக? ஏ உமையா! நம்ம பித்தளைக் குடத்த எடு."

பெரியப்பாவின் மனைவி உமையாள் பெரியம்மா குடத்தோடு வந்தாள். இலைத்தண்ணீர் அதற்கு மாறியது. அதோடு விட்டாரா? குடத்துக்குச் சந்தனம், குங்குமம். கழுத்தில் ஒரு முழம் மல்லிகை. வாயில் மாவிலை. பக்கத்திலேயே இன்னொரு பித்தளைக் குடம் இருந்தது. அதற்கும் சந்தனம், குங்குமம், மல்லிகை, மாவிலை. அதில் பானகம். கருப்பட்டி கரைத்து, புளி பிழிந்து, சுக்கும் ஏலக்காயும் தட்டிப் போட்டது. எங்கள் பக்கம் தளம் போடும் நாளில் சாமிக்குப் பானகம் படைத்து, வந்தவர்களுக்கெல்லாம் கொடுப்பார்கள். கொடுத்தால் யாரும் வேண்டாம் என்று சொல்லக்கூடாது, மிச்சமும் வைக்கக்கூடாது.

இரண்டும் ஒரே கடையில், பெரியம்மா கல்யாணத்துக்கு எடுத்த குடங்கள். கருவைத் தண்ணீரும் பழுப்பு, கருப்பட்டித் தண்ணீரும் பழுப்பு.

நானும் அக்காவும் அப்போது மேலே இருந்தோம். சென்ட்ரிங் பலகைமேல் குந்தி, கம்பியிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி இரண்டு ஒயர்களைக் கட்டிக்கொண்டிருந்தோம். துருப்பிடிக்கிறதா என்று பின்னால் மீட்டர் வைத்துப் பார்க்க அந்த ஒயர்கள்தான் வழி. கீழே ஹமீது கொத்தனார் தகரத்தின்மேல் சிமெண்டும் மணலும் ஜல்லியும் குவித்து நடுவில் குழி பறித்துவிட்டு, "தண்ணிய ஊத்துங்க" என்று கூப்பிட்டார்.

"நில்லுங்க பாய். வீட்டுக்காரன் கையாலதான் ஊத்தணும்," என்று பெரியப்பாவின் குரல் கேட்டது. சூடம் கொளுத்தும் வாசம் வந்தது. பிறகு சுக்கு, ஏலக்காய் வாசம் வந்தது. பானகம் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள் போல என்று நினைத்தேன். நாக்கில் எச்சில் ஊறியது.

சட்டி சட்டியாகக் கான்கிரீட் மேலே வந்தது. ஹமீது பாய் கரணையால் தேய்த்துச் சமப்படுத்தினார். நாங்கள் இறங்கி வந்தபோது பானகக் குடத்தில் கடைசி டம்ளர்தான் மிச்சம். பெரியப்பா, மகளைக் கட்டிக்கொடுத்த சம்பந்தி குருநாதனை இராமநாதபுரத்திலிருந்து வரவழைத்திருந்தார். அதை அவருக்கு மூன்றாவது டம்ளராக ஊற்றிக்கொண்டிருந்தார்.

"குடிங்க சம்பந்தி. கூச்சப்படாதீக. இப்படி ஒரு பானகத்த இந்தப் பக்கம் எவனும் குடிச்சிருக்க மாட்டான்."

"அது உண்மைதான் சம்பந்தி," என்றார் குருநாதன். அவர் கண்ணில் நீர் நின்றது. சந்தோஷம் என்று நினைத்தேன்.

அன்று இரவு அக்கா தூங்கவில்லை. நானும்தான்.

காலையில் ஹமீது பாய்தான் முதலில் ஏறினார். தளத்தைச் சுற்றிப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வந்தவர், ஒரு காலை எடுத்து வைத்தார். வைத்த கால் கணுக்கால்வரை உள்ளே போய்விட்டது.

"யா அல்லாஹ்!" என்றார். பிறகு மெதுவாக, "மகேஸ்வரிம்மா, இது கான்கிரீட்டா, மஸ்கோத் அல்வாவா?" என்று கேட்டார்.

செய்தி டீக்கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் பாதி ஊர் கூடிவிட்டது. பெரியப்பா புதுச்செருப்பைக் கழற்றிவிட்டு ஏணியில் ஏறினார். மிதிப்பேன் என்று சொன்னவர், சொன்ன சொல் மாறாமல் மிதித்தார். வலது கால் போனது. அதை எடுப்பதற்காக இடது காலை ஊன்றினார். அதுவும் போனது. ஹமீது பாயும் பக்கத்து வீட்டு வீரமணி அண்ணனும் ஆளுக்கொரு கக்கத்தில் கை கொடுத்து, நாற்றுப் பிடுங்குவதுபோல அவரைப் பிடுங்கினார்கள்.

கீழே இறங்கியதும், முழங்காலுக்குக் கீழே சாம்பல் நிறமாக, அவர் அக்காவைப் பார்த்து நின்றார்.

"ஆத்தா மகேஸு. ஒரு நா ஆச்சு. இன்னும் கூழா இருக்கு. சொன்னது நெனப்பிருக்குல்ல? இனிமே என் வீட்டுப் பக்கம் ஒரு எல வரக்கூடாது."

அக்கா என் பக்கம் திரும்பி, "இலையில சர்க்கரை கூடிப்போச்சு போல பூமயிலு. நான்தான் அளவு தப்பா எடுத்திருக்கேன். எல்லாம் தப்பு," என்றாள். இரண்டு வருடம் பறித்த இலை, இரண்டு வருடம் காய்ச்சிய அண்டா, எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்குள் போய்விட்டன. எனக்கும் அழுகை வந்தது. அக்கா முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்தேன்.

குனிந்ததால்தான் பார்த்தேன். என் கால் பக்கத்தில் ஒரு எறும்பு வரிசை. மணல் குவியலைத் தாண்டி, செங்கல் அடுக்கைச் சுற்றி, தளத்துக்கு முட்டுக்கொடுத்திருந்த சவுக்குக் கம்பு வழியாக ஏறியது. மேலே பலகை இடுக்கிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிந்திருந்தது. ஒவ்வொரு சொட்டையும் சுற்றி, பந்தியில் முதல் வரிசைக்கு இடம் பிடித்தவர்கள்போல எறும்புகள் உட்கார்ந்திருந்தன. நான் அந்தக் கம்பின் பக்கம் போனேன். ஏலக்காய் மணத்தது.

எனக்கு எல்லாம் ஒரே நேரத்தில் புரிந்தது. இரண்டு குடம். ஒரே மல்லிகை. சம்பந்தியின் கண்ணீர். மூன்று டம்ளர்.

சிரிப்பு வயிற்றிலிருந்து வந்தது. வாயைப் பொத்தினேன், மூக்கு வழியாக வந்தது. தாவணியைக் கடித்தேன். அது இன்னும் மோசம், பன்றிக்குட்டி சத்தம் ஒன்று வந்தது. கூட்டமே திரும்பிப் பார்த்தது. ஊரில் யாரும் என் குரலைச் சரியாகக் கேட்டதே இல்லை. முதல்முதலாகக் கேட்டது இதுதான்.

"ஏத்தா, எதுக்குச் சிரிக்கிற?" என்றார் பெரியப்பா. அவர் குரலில் கரிமூட்டத்துக்குள் இருக்கும் நெருப்பு இருந்தது.

பதில் சொல்லவேண்டும். எழுந்து நின்று பதில் சொல்லவேண்டும். வழக்கம்போலத் தொண்டை அடைத்தது. ஆனால் சிரிப்பு ஏற்கெனவே வழியைத் திறந்துவிட்டிருந்தது போல, அதன் பின்னாலேயே வார்த்தையும் வந்துவிட்டது.

"பெரியப்பா... எறும்பு."

"எறும்புக்கு என்ன?"

"கான்கிரீட்டுக்கு எறும்பு வந்திருக்கு பெரியப்பா. ஏலக்கா வாசம் அடிக்குது."

அக்கா சட்டென்று நிமிர்ந்தாள். ஓடிவந்து சொட்டை விரலால் தொட்டு முகர்ந்தாள். அவள் கண் இரண்டும் விரிந்தன. "சுக்கும் இருக்கு! பெரியப்பா, நேத்து எந்தக் குடத்த ஊத்துனீக?"

"மாவிலை வச்ச குடத்த."

"ரெண்டுலயும் மாவிலைதானே வச்சீக!"

ஹமீது பாய் தலையைச் சொறிந்தார். "எனக்கும் கெளறுறப்ப ஏலக்கா வாசம் வந்துச்சு. படிச்ச புள்ள, ஏதாவது பார்முலா இருக்கும்னு விட்டுட்டேன்."

"வாய மூடுங்க பாய்," என்றார் பெரியப்பா. "பானகத்த நான் ஊத்திருந்தா, நேத்து நாம குடிச்சது என்ன?"

அந்தக் கேள்வி கூட்டத்துக்கு நடுவில் வந்து நின்றது. ஒருவரும் ஒருவர் முகத்தைப் பார்க்கவில்லை. முதலில் உடைந்தது உமையாள் பெரியம்மாதான்.

"நான் அப்பவே நெனச்சேன். நம்ம கைப்பக்குவம் போயிருச்சுன்னு நெனச்சு ராத்திரி பூரா வருத்தப்பட்டேன்."

"எனக்குக் கசந்துச்சு," என்றார் வீரமணி அண்ணன். "நெலவேம்பு போட்டிருப்பீகன்னு நெனச்சேன். காய்ச்சக் காலமாச்சே."

"நான் சாமி பிரசாதம்னு கண்ண மூடிட்டு முழுங்குனேன்."

"எனக்கு நாக்கு இன்னும் வெளங்கல."

"அப்ப ஏன்டா எல்லாரும் நல்லாருக்கு நல்லாருக்குன்னு சொன்னீக?" என்று பெரியப்பா கத்தினார்.

"நீங்க சொன்னீக, நாங்களும் சொன்னோம்," என்றார் வீரமணி அண்ணன். "நீங்க ஏன் சொன்னீக?"

பெரியப்பா வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. கையெல்லாம் சிமெண்ட். பெரியம்மா போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"சம்பந்தி! நான் குருநாதன் பேசுறேன். நேத்து அந்தப் பானகம் என்ன பக்குவம் சம்பந்தி? குடிக்கையில கொஞ்சம் கசப்புத்தான், பொய் சொல்லல. ஆனா காலைல போனேன் பாருங்க... பத்து வருசமா இப்படி ஒரு நிம்மதி எனக்கு இல்ல. வயிறு பஞ்சு மாதிரி இருக்கு. சம்பந்தியம்மாகிட்டக் கேட்டு ஒரு பாட்டில் குடுத்துவிட ஏலுமா?"

அதற்குமேல் தாங்கவில்லை. உமையாள் பெரியம்மா போனைக் கையில் வைத்தபடியே செங்கல்மேல் உட்கார்ந்துவிட்டாள். ஹமீது பாய் கரணையைப் போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அக்கா அழுதுகொண்டே சிரித்தாள், எது எது என்று பிரிக்க முடியவில்லை. எறும்புகள் மட்டும் யாரையும் சட்டை செய்யாமல் ஏறிக்கொண்டிருந்தன.

பெரியப்பா மணல் குவியலில் உட்கார்ந்தார். மீசை ஆடியது. கோபம் என்று நினைத்தோம். "துரு கம்பியத்தான பிடிக்காதுன்ன?" என்று அக்காவைக் கேட்டார். "நானும் மூணு டம்ளர் குடிச்சிருக்கேன். என் எலும்பு இனி நூறு வருசத்துக்குத் துருப்பிடிக்காதுல்ல?"

அதன்பிறகு அவர் சிரித்த சிரிப்பில் செங்கல் அடுக்கில் தூங்கிய கோழி எழுந்து ஓடியது.

சிரித்து முடித்ததும் வேலை. இறுகாத கான்கிரீட்டில் ஒரு வசதி, உடைக்க வேண்டியதில்லை. மண்வெட்டியால் அள்ளி, பின்பக்கப் பள்ளத்தில் போட்டு மேலே மண்ணைத் தள்ளினோம். கம்பியைக் கழுவினோம், ஒயரைத் திரும்பக் கட்டினோம். ஆனால் ஊற்ற இலைத்தண்ணீர் இல்லை. அத்தனையையும் ஊர் குடித்துவிட்டது.

"குடிச்சவுகதான் பறிக்கணும்," என்று பெரியம்மா தீர்ப்புச் சொன்னாள்.

அன்று மதியம் கண்மாய்க்கரைக் கருவைக்காட்டுக்குள் நாங்கள் ஒரு படையாகப் போனோம். "ஆத்தே முள்ளு!" என்ற சத்தம்தான் காடு முழுக்க. பெரியப்பாவே வேட்டியை மடித்துக் கட்டி, தொரட்டியால் கிளையை வளைத்துக் கொடுத்தார். காட்டுக்கு வெளியே நின்ற இரண்டு ஆடுகள், இவர்களுக்கு வேறு தீனி கிடைக்கவில்லையா என்பதுபோலப் பார்த்தன. இலை நிழலில் காய்வதற்கு நாள் ஆனது. காய்ந்ததும் பொடித்து, காய்ச்சி, பெரியம்மாவின் பழைய நூல்சேலையில் வடித்தோம். அக்கா கேட்ட அளவு கிடைக்கும்வரை நான் அண்டாவை விட்டு நகரவில்லை. ஊர் ஆட்கள் வாசலோடு வந்து, "பானகம் ஆச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

இரண்டாவது முறை தளம் போடும் நாள் வந்தது. நான் வெள்ளை பிளாஸ்டிக் கேனைத் தூக்கிக்கொண்டு போனேன். பெரியப்பா அதைப் பார்த்தார். இந்த முறை மல்லிகை இல்லை, மாவிலை இல்லை. மூடிமேல் மட்டும் சந்தனப்பொட்டு ஒன்று வைத்தார், மனசு கேட்கவில்லை. பானகக் குடத்தைப் பெரியம்மா வீட்டுக்குள் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகியிருந்தாள்.

ஹமீது பாய் குழி பறித்துக் காத்திருந்தார். பெரியப்பா கேனைத் தூக்கினார். ஊற்றப் போனவர் நின்றுவிட்டார்.

"இது அதுதான்னு எப்படித் தெரியும்?"

"அதேதான் பெரியப்பா," என்றாள் அக்கா.

"போன தடவையும் இதுதான்னுதான நெனச்சேன்?" அவர் என்னைப் பார்த்தார். "பூமயிலு, ஒரு டம்ளர் கொண்டா."

நான் ஓடிப்போய்க் கொண்டுவந்தேன். அவர் அரை டம்ளர் ஊற்றி, மூக்கைப் பிடிக்காமல், நேராகக் குடித்தார். அவர் முகம் ஒருமுறை முழுவதும் உள்ளே போய் வெளியே வந்தது.

"இதேதான்," என்றார். கேனைக் கவிழ்த்தார்.

மறுநாள் விடிந்ததும் அவர் ஏறினார். இந்த முறை நானும் அக்காவும் ஏணியடியில் கைகோத்து நின்றோம். முதலில் பெருவிரலால் அழுத்தினார். பிறகு ஒரு காலை வைத்தார். பிறகு இன்னொரு காலை. பிறகு, அத்தனை பெரிய மனிதர், குளியலறைத் தளத்தின்மேல் 'தம் தம்' என்று குதித்தார். ஒரு எறும்பைக்கூடக் காணோம்.

"மகேஸு!" என்று மேலேயிருந்து கூப்பிட்டார். "பெரிய தளத்துக்கு எத்தனை அண்டா வேணும்?"

அக்காவுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அவளுக்குப்போய்! அவள் என் முதுகைத் தள்ளினாள்.

"ஆறு அண்டா பெரியப்பா!" என்று நான் கத்தினேன். தெரு முழுக்கக் கேட்டது. பிறகு யோசித்துப் பார்த்து, "சம்பந்திக்கு ஒரு பாட்டில் சேத்து!" என்றும் சொன்னேன்.